குழந்தைக்கு என்ன தெரியும்?

நம் ஊர்களில் ஒரு பிள்ளை நோயுற்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால், முதல் நாளே எவராவது ஒருவர் வாயிலிருந்து தவறாமல் புறப்படும் ஒரு வாக்கியம் உண்டு: “குழந்தைக்கு என்ன தெரியும்? நாலு நாளில் எல்லாம் மறந்துவிடும்.” பாட்டனார் சொல்வார், பார்க்க வந்த உறவினர் சொல்வார், வாயிற்காவலர் சொல்வார், சில வேளைகளில் நன்கு கற்ற மருத்துவரும் சொல்வார். ஆறுதலாகச் சொல்லப்படுவதால் இதை எவரும் மறுப்பதில்லை. ஆனால் தாயைத் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே நிறுத்துவதும், ஊசியைப் பற்றிப் பொய் சொல்லுவதும், நோயுற்ற பிள்ளையின் கட்டிலைச் சுற்றிச் சந்தை கூட்டுவதும் இந்த ஒரு வாக்கியத்தின் நிழலில்தான் நடைபெறுகின்றன. இது உண்மையன்று என்பதோடு, இரக்கமற்றது என்பதும் என் வாதம்.

தென்காசியில் வாழும் நமக்கு இதைப் பற்றிப் பேசத் தனிக் காரணம் உண்டு. ஆனி, ஆடி மாதங்களில் சாரல் விழத் தொடங்கியதும், உடல் நலம் தேடி நாடெங்கிலுமிருந்து மக்கள் குற்றாலத்திற்கு வருகிறார்கள். மூலிகை வாசம் கலந்த அருவி நீரில் நின்றால் நோய் நீங்கும் என்பது நெடுநாள் நம்பிக்கை. அந்த அருவிகளிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் தொலைவில், அதே சாரல் காற்றில், காய்ச்சலும் இழுப்பும் கண்ட நம் பிள்ளைகள் தென்காசி மருத்துவமனைகளில் படுத்திருக்கிறார்கள். 2019 நவம்பர் 22-இல் தென்காசி தனி மாவட்டமானது. எனினும் நோய் முற்றினால் இன்றும் ஏறத்தாழ ஐம்பத்தைந்து கிலோமீட்டர் கடந்து பாளையங்கோட்டை ஐகிரவுண்டுக்கு, திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் ஓடுகிறோம். புற்றுநோய், இருதயக் கோளாறு என்றால் செங்கோட்டை, ஆரியங்காவு வழியே மலை தாண்டித் திருவனந்தபுரம் செல்கிறவர்களும் பலர். நோய்க்குத்தான் வழி தேடுகிறோம்; அந்த வழியில் பிள்ளையின் உள்ளம் என்ன ஆகிறது என்று கேட்பவர் அரியர்.

குழந்தைக்கு என்ன தெரியும் என்பதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் விடை தந்துவிட்டார். லண்டனில் டாவிஸ்டாக் மருத்துவமனையில் பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் அவர். மருத்துவர் அல்லர், சமூகப் பணியாளர். அக்காலத்து இங்கிலாந்தில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பிள்ளையைப் பெற்றோர் நினைத்தபோது பார்க்க இயலாது. வாரத்தில் ஒரு நாள், ஓரிரு மணி நேரம் என்பதே பல இடங்களில் விதி; சில இடங்களில் அதுவும் இல்லை. பெற்றோர் வந்து போனால் பிள்ளைகள் அழுது ஆர்ப்பாட்டம் செய்கின்றன, வராமல் இருந்தால் வார்டு அமைதியாக இருக்கிறது என்பதே அதற்குக் காட்டப்பட்ட நியாயம்.

அந்த அமைதி எத்தகையது என்பதைக் காட்ட ராபர்ட்சன் ஒரு கைப்படக்கருவியுடன் புறப்பட்டார். இரண்டு வயதும் ஐந்து மாதமும் ஆன லாரா என்னும் சிறுமி, தொப்புள் குடலிறக்கத்திற்கான சிறிய அறுவைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் இருந்தாள். அழவைக்கும் காட்சிகளை மட்டும் தேடிப் பொறுக்கினார் என்று எவரும் குற்றம் சாட்டக்கூடாது என்பதற்காக, நாள்தோறும் குறித்த நேரத்தில், சுவர்க் கடிகாரமும் படத்தில் விழும்படி படம் பிடித்தார். 1952-இல் அப்படம் லண்டன் மருத்துவர் அவையில் திரையிடப்பட்டபோது எழுந்த சினம் சிறிதன்று. மருத்துவமனைகளை இழிவுபடுத்திவிட்டார் என்றார்கள். விதிவிலக்கான ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்தார் என்றார்கள். உண்மையில் லாரா மிக அடக்கமான பிள்ளை. கூக்குரலிட்டு அழுதவள் அல்லள். அழுகையை அடக்கிக்கொண்டு, தன் பொம்மையைப் பற்றிக்கொண்டு, நாளுக்கு நாள் ஒடுங்கிப்போன அந்த முகமே பார்த்தவர்களை உலுக்கியது.

தாயைப் பிரிந்து மருத்துவமனையில் தங்கும் சிறு பிள்ளையிடம் மூன்று நிலைகளை ராபர்ட்சன் கண்டார். முதலில் பிள்ளை எதிர்க்கிறது. அழுகிறது, கதவைப் பார்த்தே கிடக்கிறது. பிறகு நம்பிக்கை இழந்து ஓய்கிறது. கடைசியில் பற்று அறுந்ததுபோல் ஆகிவிடுகிறது. சிரிக்கிறது, யார் ஊட்டினாலும் உண்கிறது, தாய் வந்தால்கூடப் பொருட்படுத்துவதில்லை. இந்த மூன்றாம் நிலையைத்தான் வார்டில் இருந்தவர்கள் “பழகிக்கொண்டது” என்று பாராட்டினார்கள். நாம் “மறந்துவிடும்” என்று சொல்வதும் இதையே. வீடு திரும்பிய பின் இரவில் அலறி எழுவதும், விட்டுப்போன படுக்கை நனைத்தல் மீண்டும் தொடங்குவதும், தாய் அடுக்களைக்குப் போனாலும் முந்தானையை விடாமல் தொடர்வதும் மறந்த பிள்ளையின் செயல்களா?

1959-இல் சர் ஹாரி பிளாட் தலைமையிலான குழு பிரித்தானிய அரசுக்கு அறிக்கை தந்தது. பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்கலாம், சிறு பிள்ளைகளுடன் தாய் தங்க இடம் தர வேண்டும் என்பவை அதன் முதன்மையான பரிந்துரைகளுள் சில. அறிக்கை வந்ததும் கதவுகள் தாமே திறந்துவிடவில்லை. 1961 முதல் அந்நாட்டுத் தாய்மார்கள் அமைப்பாகத் திரண்டு, மருத்துவமனை மருத்துவமனையாகக் கேட்டுக் கேட்டுத்தான் திறக்கவைத்தார்கள்.

இதைப் படிக்கும் வாசகர் சிலர் உள்ளூரப் பெருமை கொள்ளக்கூடும். “நம் நாட்டில் அப்படியில்லை, நம் தாய் பிள்ளையை விட்டு நகர்ந்ததே இல்லை” என்பார்கள். ஓரளவு உண்மைதான். நம் அரசு மருத்துவமனைகளில் தாய் எப்போதும் இருந்திருக்கிறாள். ஆனால் எப்படி இருந்திருக்கிறாள்? கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுத்திருக்கிறாள். மருந்துச் சீட்டைக் கொண்டு ஓடவும், இரத்த மாதிரியைச் சுமந்து செல்லவும், கழிகலத்தை எடுக்கவும் அவள் தேவைப்பட்டாள். சம்பளம் இல்லாத பணியாளாக அவளை ஏற்றுக்கொண்டோம். நோய் தீர்க்கும் பணியில் பங்காளியாக ஏற்கவில்லை. இதற்குச் சான்று வேண்டுமென்றால், பிள்ளைக்கு அவள் மிகவும் தேவைப்படும் வேளையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஊசி குத்தும் நேரத்தில் “அம்மா, நீங்க வெளியே நில்லுங்க” என்கிறார்கள். நோய் முற்றித் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுசென்றால் கதவே மூடிவிடுகிறது. காலையில் ஒரு பார்வை, மாலையில் ஒரு பார்வை. இலண்டனில் 1952-இல் இருந்த விதியை நம் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் பலவற்றில் இன்றும் காக்கிறோம்.

தொற்று என்பார்கள். மறுக்கக்கூடிய காரணம் அன்று. ஆராய வேண்டிய காரணம். ஆராய்ந்தும்விட்டார்கள். கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய நாடுகளோடு இந்தியாவும் பங்குகொண்ட ஓர் ஆய்வின் முடிவு 2021 மே மாதம் வெளிவந்தது. இந்தியாவில் அது நடந்த இடம் தில்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை. 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையோடு பிறந்த குழந்தைகளைத் தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே, பிறந்தவுடன் தாயின் மார்போடு அணைத்து வைத்தார்கள். அதற்காகத் தாயின் கட்டிலையும் அப்பிரிவுக்குள்ளேயே போட்டார்கள். வழக்கமான முறையில் வைக்கப்பட்ட குழந்தைகளைக் காட்டிலும் தாயோடு இருந்த குழந்தைகளிடையே இறப்பு கால் பங்கு குறைந்தது. நோய்த்தொற்று கூடவில்லை; குறைந்தது. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். தாயோடு சேர்த்து வைப்பதை உலக நல நிறுவனம் 2022-இல் தன் பரிந்துரையாகவே ஆக்கியது. அதற்கு முன்பே, 2017-இல், பச்சிளங்குழந்தைகள் பிரிவில் பெற்றோரைப் பயிற்றுவித்துப் பராமரிப்பில் ஈடுபடுத்தும் வழிகாட்டு நெறிகளை இந்திய அரசே வெளியிட்டிருந்தது. தாயின் மார்பே வெப்பப்பெட்டி என்னும் இந்த எண்ணம் பிறந்ததும் செல்வ நாட்டில் அன்று. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், பெட்டிகள் போதாமல் ஒன்றில் பல குழந்தைகளைக் கிடத்த நேர்ந்த ஒரு மருத்துவமனையில் பிறந்தது. எனவே “வசதி இல்லை” என்னும் விடை இங்கே செல்லாது. கை கழுவ நீரும், மாற்றிக்கொள்ள ஒரு மேலங்கியும், உட்கார ஒரு நாற்காலியும் தரமுடியாத நிறுவனம், தொற்றைப் பற்றித் தாயிடம் பேசும் தகுதியை முதலில் தேடிக்கொள்ளட்டும்.

மருத்துவமனையை மட்டும் குறை கூறித் தப்பிவிடலாகாது. வீட்டிலேயே தொடங்கும் குற்றம் ஒன்று உண்டு. “ஊசியெல்லாம் போட மாட்டாவ, சும்மா பாத்துட்டு வந்துருவோம்” என்று சொல்லித்தான் பிள்ளையை ஆட்டோவில் ஏற்றுகிறோம். அரை மணி நேரத்தில் ஊசி போடப்படுகிறது. பிள்ளை அன்று கற்கும் பாடம் ஊசி வலிக்கும் என்பதன்று; அம்மா பொய் சொல்வாள் என்பது. மறுநாள் “இனி ஊசி இல்லை” என்று அவள் மெய்யாகவே சொன்னாலும் அது நம்பாது. அதன்பின் ஒவ்வொரு வெள்ளை மேலங்கிக்கும் அலறும். அலறும் பிள்ளையை நால்வர் கைகால்களைப் பிடித்து மேசையில் மல்லாத்தி அழுத்துவார்கள். நோயைவிட அந்தப் பிடி நெடுநாள் நினைவில் நிற்கும்.

சுருக்கமாக உண்மை சொன்னால் போதும்: “ஊசி போடுவார்கள். எறும்பு கடித்ததுபோல் வலிக்கும். நீ அழலாம். நான் உன்னைப் பிடித்துக்கொண்டே இருப்பேன்.” இந்த நான்கு வாக்கியங்களைச் சொல்லப் பட்டம் தேவையில்லை. தடுப்பூசி போடும்போது பிள்ளையைப் படுக்கவைத்து அழுத்தாமல் பெற்றோர் மடியில் அணைத்து வைத்துக்கொள்ள வேண்டும், பால் குடிக்கும் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே போடலாம் என்று உலக நல நிறுவனம் 2015-இலேயே அறிவுறுத்தியிருக்கிறது. மூன்று நான்கு வயதுப் பிள்ளையானால், அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமானும் ஒரு துணிப் பொம்மையும் கையில் கொடுத்துப் பாருங்கள். பொம்மைக்குக் காய்ச்சல் வரும், பொம்மைக்குக் கட்டுப் போடப்படும், பொம்மை அழும், அதைப் பிள்ளையே தேற்றும். மேலைநாட்டு மருத்துவமனைகளில் இதற்கென்றே பயிற்சி பெற்றவர்களை அமர்த்துகிறார்கள். நம் ஆச்சிமார்களுக்கு இது பயிற்சியில்லாமலேயே வரும். வார்டுக்குள் பொம்மையை எடுத்துச் செல்லலாம் என்று எவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவே.

பொய்யைவிடக் கொடியது அச்சுறுத்தல். “அழுதேன்னா டாக்டர்ட்டச் சொல்லி ஊசி போடச் சொல்லிருவேன்” என்று நலமாயிருக்கும் பிள்ளையை மிரட்டி வளர்க்கிறோம். “சாமி கண்ணைக் குத்தும்” என்பது அதற்கு உடன்பிறப்பு. நான்கைந்து வயதுப் பிள்ளை, தனக்கு வந்த நோய் தான் செய்த ஏதோ குறும்புக்குத் தண்டனை என்று எளிதில் எண்ணிக்கொள்ளும். அப்படி எண்ணும் பிள்ளை அதை வெளியே சொல்வதுமில்லை. கண்ணைக் குத்தும் கடவுளையும் ஊசி குத்தும் மருத்துவரையும் ஒரே மூச்சில் அதன் உள்ளத்தில் நட்டவர்கள் நாம். பிறவிக் குருடரைக் கண்டு இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, அவரும் அல்லர், அவருடைய பெற்றோரும் அல்லர் என்று ஆண்டவர் மறுத்ததை யோவான் நற்செய்தியிலிருந்து கேட்கிறோம். கேட்டுவிட்டு வெளியே வந்து, நோயுற்ற பிள்ளையின் தாயிடம், “குடும்பத்தில் ஏதாவது நேர்ச்சை பாக்கியா?” என்று விசாரிக்கிறோம்.

அடுத்து, நம் பக்திக்கே உரிய ஒரு குறைபாடு. நோயாளரைச் சந்திப்பது இரக்கச் செயல் என்று சிறு வயதிலிருந்தே கற்றிருக்கிறோம். மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரம் நமக்கு மனப்பாடம். ஆகவே பங்கில் ஒரு பிள்ளை மருத்துவமனையில் இருப்பதாகத் தெரிந்தால், ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பன்னிருவர் கிளம்புகிறோம். கையில் ரொட்டிப் பொட்டலம், ஆரஞ்சுப் பழம். கட்டிலைச் சூழ்ந்து நின்று, “ஐயோ, எப்படி இருந்த பிள்ளை!” என்கிறோம். அது கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறது. இதே நோயில் வேறோர் ஊரில் ஒரு பிள்ளை இறந்த கதையைச் சொல்கிறோம். அதையும் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறது. குழந்தைக்கு என்ன தெரியும்! இரவெல்லாம் உறங்காத தாய் எழுந்து, வந்தவர்களுக்குக் காப்பி வாங்கிவர ஆள் தேடுகிறாள். அரை மணி கழித்து, கடமை முடிந்த நிறைவோடு நாம் பேருந்து நிலையம் செல்கிறோம்.

மாற்கு நற்செய்தியில் யாயிர் வீட்டு நிகழ்ச்சியைச் சற்று நிதானமாக எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டு வயதுச் சிறுமி கிடக்கிறாள். வீடு முழுவதும் அழுகையும் அமளியும். இயேசு முதலில் செய்த செயல் கூட்டத்தை வெளியேற்றியது. பிறகு தாயையும் தந்தையையும் உடன் அழைத்துக்கொண்டு பிள்ளை கிடந்த அறைக்குள் போனார். அதன் கையைப் பிடித்தார். அது எழுந்ததும், அதற்கு உண்ணக் கொடுக்கச் சொன்னார். கூட்டம் வெளியே, பெற்றோர் உள்ளே. நாமோ கூட்டத்தை உள்ளே விட்டுப் பெற்றோரை வெளியே நிறுத்தும் ஒழுங்கை எங்கிருந்தோ கற்றிருக்கிறோம்.

அப்படியானால் போகவே கூடாதா என்று கேட்கலாம். போக வேண்டிய இடம் வேறு. கடையநல்லூர், ஆலங்குளம், தென்காசி வட்டாரங்களில் எத்தனையோ தாய்மார்கள் பீடி சுற்றிப் பிழைப்பவர்கள். சுளகை மடியில் வைத்துக்கொண்டு சுற்றினால்தான் கூலி. மருத்துவமனையில் இருக்கும் பத்து நாளும் கூலி இல்லை. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை சிகிச்சைச் செலவைத் தாங்கலாம். அவளுடைய பத்து நாள் கூலியை எந்த அட்டையும் தாங்காது. வீட்டில் மூத்த பிள்ளை ஒன்று இருக்கும். அதைப் பற்றி எவரும் பேசுவதே இல்லை. தம்பி எங்கே போனான், அம்மா ஏன் வரவில்லை, தான் அவனை அடித்ததால்தான் நோய் வந்ததோ என்று அது திண்ணையில் உட்கார்ந்து தனக்குள் கேட்டுக்கொண்டிருக்கும். அப்பிள்ளையைக் கூட்டிவந்து சோறு போட்டு, பள்ளிக்கு அனுப்பி, ஒரு நாள் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று தம்பியைக் காட்டினால், அது பன்னிருவர் சென்று நிற்பதினும் பெரிய சந்திப்பு. இரவில் இரண்டு மணி நேரம் பிள்ளையருகே அமர்ந்து தாயைத் தூங்கவிடுவதும் அப்படியே. தந்தைக்கும் இதில் இடம் வேண்டும். பெண்கள் இருக்கும் வார்டு என்று சொல்லி ஆண்களைத் தடுப்பதால், பணம் புரட்டுவது மட்டுமே தந்தையின் பங்காகிவிடுகிறது. கட்டில்களுக்கிடையே ஒரு திரை தொங்கவிட்டால் தீரக்கூடிய இடர் இது.

மலை தாண்டிச் செல்லும் குடும்பங்களின் பாடு இன்னும் கடினமானது. திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையத்திற்குச் செல்லும் குழந்தைக்கு இரத்தப் புற்றுநோய் என்றால், சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டுகள் நீளும். 1956 வரை செங்கோட்டையும் திருவிதாங்கூரைச் சேர்ந்ததுதான். ஆயினும் நம் இன்றைய பிள்ளைகளுக்கு மலையாளம் தெரியாது. தன் வலியைத் தன் மொழியில் சொல்ல முடியாத பிள்ளைக்குத் தாயே மொழிபெயர்ப்பாளர். அவளுக்கும் பாதிதான் புரியும். அங்கே வாடகை அறையில் தாயும் பிள்ளையும், இங்கே தந்தையும் மற்றப் பிள்ளைகளும் என்று குடும்பம் இரண்டாகிறது. பிறகு தலைமுடி உதிர்ந்த அந்தப் பிள்ளை பள்ளிக்கும் மறைக்கல்வி வகுப்புக்கும் திரும்பி வருகிறது. “மொட்டை” என்று கூவுகிறவர்கள் நம் பிள்ளைகள். அது வருவதற்கு முன்தினம் ஆசிரியர் வகுப்பில் பத்து நிமிடம் பேசியிருந்தால் தவிர்த்திருக்கலாம்.

குழந்தையைப் பெற்றோரிடமிருந்து, அதன் நன்மைக்கு இன்றியமையாத நிலையிலன்றிப் பிரிக்கலாகாது என்பது 1989-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் குழந்தை உரிமை உடன்படிக்கையின் ஒன்பதாம் பிரிவு. 1992 டிசம்பரில் இந்தியா அதை ஏற்றது. ஆக, தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் நிற்கும் தாய் கேட்பது சலுகையன்று. ஆனால் தனியே நிற்கும் ஒரு பீடித் தொழிலாளி இதைச் சொன்னால் எவர் கேட்பார்? இங்கிலாந்துத் தாய்மார்கள் திரண்டு கேட்டதுபோல் அன்பியங்களும், வின்சென்ட் தே பவுல் சபையினரும், மரியாயின் சேனையினரும் மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடம் மனுவோடு செல்லலாம். நம் துறவற சபைகள் நடத்தும் மருத்துவமனைகளிடம் மனுகூடத் தேவையில்லை; உரிமையோடு கேட்கலாம். குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டிலுக்கு ஒரு நாற்காலி, பெற்றோர் இருவரில் ஒருவருக்கு இரவும் பகலும் அனுமதி, ஊசி போடும் வேளையில் தாயின் மடி. பணமில்லை என்று பதில் வந்தால், வருகிற திருவிழாவில் பத்தாம் நாள் வாணவேடிக்கைக்கு ஒதுக்கியிருக்கும் தொகையில் எத்தனை நாற்காலியும் திரைச்சீலையும் வாங்கலாம் என்று பங்குப்பேரவையில் ஒருவர் எழுந்து கணக்குக் கேட்கட்டும்.